முதலில் கணிதமா, இயற்பியலா?



களியக்காவிளையில் என் வீட்டுத் திண்ணையில், மாலை வேளைகளில் மாணவர் சிலர் கூடுவது வழக்கம். மேல்நிலைப் பள்ளியில் பயில்வோரும் கல்லூரியில் இளம் அறிவியல் வகுப்பிற் சேர்ந்திருப்போரும் அவர்களுள் உளர். நான் ஆராய்ச்சியாளன் அல்லன். பல்லாண்டுகள் இயற்பியல் கற்பித்துத் தலைமையாசிரியனாக ஓய்வு பெற்றவன். ஆயினும் அவர்கள் என்னிடம் வந்து கேட்கும் கேள்விகள் சில உண்டு. கோட்பாட்டு இயற்பியலைக் கற்க விரும்புகின்றோம்; கணிதத்தை முழுவதும் கற்ற பின்னரே அதனைத் தொடவேண்டுமா? எந்தக் கணிதம் வேண்டும்? தாய்மொழியில் பயின்ற எங்களால் இயலுமா? இதற்கெனப் பிறவி மேதையாக இருத்தல் வேண்டுமா? இறுதியாக, சற்றுத் தயங்கிக் கேட்கும் கேள்வி ஒன்று: இதனால் பிழைக்க முடியுமா? இவ்வினாக்களுக்கு நான் அறிந்த அளவில் விடை கூறுவதே இவ்வுரையின் நோக்கம்.

முதலில், கோட்பாட்டு இயற்பியல் என்பது யாது? இயற்கையை அளந்து பார்ப்பது சோதனை இயற்பியல். அளந்து பெற்ற செய்திகள் ஏன் அவ்வாறு அமைந்தன என்பதைச் சில அடிப்படை விதிகளினின்றும் கணக்கிட்டுக் காட்டுவதும், இன்னும் காணாதவற்றை முன்கூட்டியே உரைப்பதும் கோட்பாட்டு இயற்பியல். ஒரே குடும்பத்தில் இரண்டிற்கும் எடுத்துக்காட்டு உண்டு. சர். சி. வி. இராமன், 1928ஆம் ஆண்டில் ஒளிச்சிதறல் பற்றிய தம் கண்டுபிடிப்பை ஆய்வுக்கூடத்தில் செய்தார். அவருடைய தமையனாரின் மைந்தர் சுப்பிரமணியன் சந்திரசேகர், 1930ஆம் ஆண்டில் இங்கிலாந்துக்குக் கப்பலில் செல்லும்போது, தாளும் எழுதுகோலும் கொண்டு, விண்மீன்களின் முடிவைப் பற்றிய ஒரு பேருண்மையைக் கணக்கிட்டார். ஒருவர்க்குக் கருவி துணை. மற்றவர்க்குக் கணிதம் துணை. இருவரும் தேடியது இயற்கையின் உண்மையையே.

இனி முதல் வினாவுக்கு வருவோம். கணிதத்தை முற்றக் கற்ற பின்னரே இயற்பியலைத் தொடவேண்டும் என்று எண்ணுவோர் பலர். குழித்துறை ஆற்றங்கரையில் நின்றுகொண்டு, நீச்சலைப் பற்றிய நூல் முழுவதையும் படித்து முடித்த பின்னரே நீரில் இறங்குவேன் என்பவனை ஒப்பர் இவர்கள். அவன் இறங்கப் போவதில்லை. கணிதம் கடல், அதனை முடித்தவர் எவரும் இலர்.

பெரியோர் வரலாறும் இதனையே உணர்த்துகின்றது. 1925ஆம் ஆண்டில் ஹைசன்பர்க் குவாண்டம் இயக்கவியலுக்கு வழி வகுத்தபோது, தாம் எழுதிய எண் வரிசைகள் கணிதத்தில் முன்னரே ‘அணிகள்’ என்ற பெயருடன் வழங்குவன என்பதை அறிந்தாரில்லை. அவர்தம் பேராசிரியர் மாக்ஸ் பார்ன் என்பவரே அதனை இனங்கண்டு கூறினார். இன்று நம் மேல்நிலை வகுப்பு மாணவர் அணிகளைப் பாடமாகவே பயில்கின்றனர்! ஐன்ஸ்டைனும், புவியீர்ப்பைப் பற்றிய தம் கருத்தை வளைந்த வெளியின் வடிவியலால் எழுதவேண்டி வந்தபோது, 1912ஆம் ஆண்டில் தம் கல்லூரித் தோழராகிய மார்செல் கிராஸ்மனை நாடி, அக்கணிதத்தை அப்போதுதான் கற்கத் தொடங்கினார்.

அங்ஙனமாயின் கணிதம் வேண்டாவோ எனின், அதுவும் தவறு. புத்தகம் கட்டும் தொழில் பயின்றவரான மைக்கேல் ஃபாரடே, கணிதம் மிகக் குறைவாகவே அறிந்தவர். காந்தத்தைச் சுற்றியுள்ள விசைக்கோடுகளை மனக்கண்ணால் கண்டவர் அவர். ஆனால், அக்கருத்துகளுக்கு மாக்ஸ்வெல் சமன்பாடுகளின் உருவம் கொடுத்த பின்னரே, மின்காந்த அலைகள் இருத்தல் வேண்டும் என்பது 1865ஆம் ஆண்டில் வெளியான அவருடைய கட்டுரையில் புலனாயிற்று. 1880களின் இறுதியில் ஹெர்ட்ஸ் அவ்வலைகளைச் சோதனையால் மெய்ப்பித்தார். இப்பொழுது என் குரலை உங்கள் வீட்டுக்குச் சுமந்து வருவனவும் அவ்வலைகளே. ஆதலின், கணிதமும் இயற்பியலும் முன்னும் பின்னுமாக நடக்கும் இரண்டு கால்கள். ஒன்றை ஊன்றி மற்றதை எடுத்து வைத்தலே நடத்தல் ஆகும்.

இதனை ஒரு ஊஞ்சலைக் கொண்டு விளக்குவேன். ஓணத்தின்போது நம் பகுதியில் மாமரத்திலும் பலாமரத்திலும் ஊஞ்சல் கட்டுவது உங்களுக்குத் தெரியும். அவ்வூஞ்சல் ஒருமுறை சென்று திரும்புவதற்கு எவ்வளவு நேரம் ஆகும்? அந்நேரம் எவற்றைச் சார்ந்திருக்கலாம்? கயிற்றின் நீளம், ஆடுபவரின் நிறை, புவியீர்ப்பின் முடுக்கம் ஆகிய மூன்றும் நினைவுக்கு வரும். நீளத்தை மீட்டரால் அளக்கின்றோம். புவியீர்ப்பு முடுக்கமோ, ஒரு விநாடியின் வர்க்கத்திற்கு இத்தனை மீட்டர் என்று அளக்கப்படுவது. அதன் மதிப்பு ஏறத்தாழ 9.8. நீளத்தை அம்முடுக்கத்தால் வகுத்தால் மீட்டர் நீங்கி, விநாடியின் வர்க்கம் எஞ்சும். அதன் வர்க்கமூலம் விநாடி. நாம் தேடும் நேரம் அதுவே. நிறைக்குரிய கிலோகிராமை நீக்குவதற்கு மற்ற இரண்டிலும் ஒன்றும் இல்லை. ஆகவே விடையில் நிறைக்கு இடமில்லை. நுண்கணிதம் ஒரு வரியும் எழுதாமல் இவ்வளவும் பெற்றோம். இது இயற்பியற் சிந்தனை.

ஆனால் இச்சிந்தனை ஓரிடத்தில் நின்றுவிடும். அந்த வர்க்கமூலத்தை எந்த எண்ணால் பெருக்கவேண்டும் என்பதை அது கூறாது. அதனை அறிய வகைக்கெழுச் சமன்பாடு ஒன்றை எழுதித் தீர்த்தல் வேண்டும். தீர்த்தால், அவ்வெண் பையின் இருமடங்கு என்று கிடைக்கும். அஃதாவது, ஏறத்தாழ 6.28. கிளையிலிருந்து, அமர்ந்திருப்பவர் உடலின் நடுப்பகுதி வரை 4 மீட்டர் இருக்குமாயின், ஓர் அலைவுக்கு ஏறத்தாழ 4 விநாடியாகும். பத்து அலைவுகளைக் கடிகாரத்தால் அளந்து பாருங்கள். 40 விநாடியை ஒட்டி வரும். நீளத்தை நான்கில் ஒன்றாக்கினால் நேரம் பாதியாகும்.

இங்கும் ஓர் எச்சரிக்கை உண்டு. இச்சமன்பாட்டைத் தீர்க்கும்போது, சிறிய கோணத்தின் சைன் மதிப்பு அக்கோணத்தின் ரேடியன் அளவுக்குச் சமம் என்று கொள்கின்றோம். 30 பாகையில் கோணத்தின் ரேடியன் அளவு 0.524; சைன் 0.5. இவை சற்று வேறுபடுகின்றன. எனவே, 30 பாகை வரை வீசி ஆடினால் பத்து அலைவுகளுக்குரிய நேரம் முக்கால் விநாடியளவு கூடும். எந்த இடத்தில் தோராயம் செய்தோம், அதனால் எவ்வளவு பிழை நேரும் என்று அறிந்து வைத்திருப்பவனே இயற்பியல் கற்றவன். விடையை மட்டும் மனப்பாடம் செய்தவன் அல்லன்.

இவ்விடத்தில் என் குற்றம் ஒன்றை உங்களிடம் ஒளிக்காமல் கூறவேண்டும். ஏறத்தாழ முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன்னர், ஒரு பள்ளியில் இப்பாடத்தை நடத்திக்கொண்டிருந்தேன். பதினோராம் வகுப்பு மாணவன் ஒருவன் எழுந்து, “சாரே, தடியன் ஆடினாலும் ஒல்லியன் ஆடினாலும் ஒரே நேரம்னா, எடை எங்க போச்சு சாரே?” என்று கேட்டான். வகுப்பு சிரித்தது. பாடத்தை முடிக்கும் அவசரம் எனக்கு. “அது தேர்வில் வராது, உட்கார்” என்றேன். அவன் உட்கார்ந்தான்; அதன் பின்னர் அவ்வாண்டு முழுவதும் அவன் கேள்வி கேட்டதில்லை. பல்லாண்டு கழித்து அவனைச் சந்தையில் கண்டேன். ரப்பர்ச் சீட்டு வாணிகம் செய்து நல்ல நிலையில் இருந்தான். என்னை வணங்கி, நலம் விசாரித்துவிட்டு, சிரித்துக்கொண்டே, “சாரே, அந்த எடை எங்க போச்சுன்னு எனக்கு இன்னும் தெரியல்ல” என்றான். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

அவனுக்கு நான் சொல்லியிருக்கவேண்டிய விடை இது. நிறை மிகுந்தவரைப் புவி மிகுந்த விசையுடன் இழுக்கின்றது. ஆனால் நிறை மிகுந்தவரை அசைப்பதும் அதே அளவுக்குக் கடினம். இழுக்கப்படும் தன்மையும் அசைய மறுக்கும் தன்மையும் ஒரே விகிதத்தில் இருப்பதால், ஒன்றை ஒன்று நீக்கிவிடுகின்றன. எடை எங்கும் போகவில்லை. இரு பக்கமும் நின்று கழிந்துவிட்டது. ஆயினும் அவ்விரு தன்மைகளும் ஏன் சரிநிகராக இருத்தல் வேண்டும்? நியூட்டன் இதனை உண்மையென ஏற்றார், காரணம் கூறினாரல்லர். 1907ஆம் ஆண்டு முதல் ஐன்ஸ்டைன் இவ்வினாவையே பற்றிக்கொண்டு சிந்தித்து, 1915ஆம் ஆண்டில் பொதுச் சார்பியல் கொள்கையை நிறைவு செய்தார். தேர்வில் வராது என்று நான் தள்ளிய கேள்வி, இருபதாம் நூற்றாண்டின் மிகப் பெரிய கேள்விகளுள் ஒன்று! மாணவர்களே, உங்கள் கேள்வியை யாரேனும் அவ்வாறு தள்ளினால், அதனைக் குறிப்பேட்டில் எழுதி வையுங்கள், விட்டுவிடாதீர்கள்.

எந்தக் கணிதம் வேண்டும் என்பது அடுத்த வினா. இயற்கணிதமும் முக்கோணவியலும் கை வந்த கலையாதல் வேண்டும். அடுத்து வகை நுண்கணிதமும் தொகை நுண்கணிதமும். பின்னர் திசையன்கள், வகைக்கெழுச் சமன்பாடுகள், அணிகள், கலப்பெண்கள், நிகழ்தகவு. கல்லூரிப் பருவத்தில் இவ்வளவும் உறுதியாகக் கைவரின், இயக்கவியல், மின்காந்தவியல், வெப்ப இயக்கவியல், குவாண்டம் இயக்கவியல் ஆகிய நான்கு வாயில்களும் திறக்கும். ஒன்றை நினைவிற் கொள்ளுங்கள். ஊஞ்சலின் சிற்றலைவுக்கு எழுதிய அதே சமன்பாடே சுருள்வில்லுக்கும் பொருந்தும். மின்சுற்றின் அலைவுக்கும் பொருந்தும். குவாண்டம் இயக்கவியலில் அணுக்களின் அதிர்வை ஆராயும்போதும் அதன் உறவினரைக் காண்பீர்கள். பத்துச் சமன்பாடுகளை மேலோட்டமாகப் படிப்பதினும் ஒன்றை ஆழமாகக் கற்பது நன்று. இக்காலத்தில் கருந்துளையைப் பற்றிய காணொளிகள் பல உள. காணுங்கள், ஆர்வம் வளரும். ஆனால் கண்டதைக் கற்றதென்று கொள்ளாதீர்கள். தாளில் தாமே கணக்கிட்டுப் பெற்ற விடையே தமக்குரியது.

தாய்மொழியில் பயின்றோரால் இயலுமா? நம் ஊர் எல்லை ஊர். ஒரு தெருவில் தமிழும் அடுத்த தெருவில் மலையாளமும் ஒலிக்கும். எல்லையில் சோதனைச் சாவடி உண்டு; சமன்பாடுகளுக்குச் சோதனைச் சாவடி இல்லை. 1924ஆம் ஆண்டில் டாக்காவிலிருந்து ஐன்ஸ்டைனுக்குக் கட்டுரை அனுப்பிப் புகழ்பெற்ற சத்தியேந்திர நாத் போஸ், 1948ஆம் ஆண்டில் வங்க மொழியிலேயே அறிவியலைப் பரப்புதற்கென ஒரு கழகம் கண்டார். அவரே இளமையில் ஜெர்மன் மொழி பயின்று, மேகநாத் சாகாவுடன் இணைந்து சார்பியல் கட்டுரைகளை ஆங்கிலத்தில் பெயர்த்தவர். இவ்விரண்டையும் சேர்த்துப் பாருங்கள். தாய்மொழியிற் சிந்தியுங்கள், உயர் நூல்கள் ஆங்கிலத்தில் இருத்தலால் அதனையும் அஞ்சாது கற்றுக்கொள்ளுங்கள். ஆங்கிலம் ஏணி, அறிவு அன்று.

மேதையாக இருத்தல் வேண்டுமா என்பதற்குச் சந்திரசேகரின் வாழ்வையே விடையாகத் தருவேன். 1928ஆம் ஆண்டில் ஜெர்மானியப் பேராசிரியர் சாமர்ஃபெல்டு சென்னைக்கு வந்தார். அவருடைய நூலைத் தாமே கற்றிருந்த மாநிலக் கல்லூரி மாணவர் சந்திரசேகர், அவரை நேரிற் சென்று கண்டார். அந்நூலில் உள்ள இயற்பியல் பழையதாகிவிட்டது என்று கூறிய பேராசிரியர், அச்சாகாத தம் புதிய கட்டுரையை அவரிடம் கொடுத்தார். கற்றது பழையதாயிற்றே என்று அம்மாணவர் மனம் உடைந்திருக்கலாம். அவரோ புதியதைக் கற்று, 1929ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்தின் அரச கழகத்து இதழில் கட்டுரை வெளியிட்டார். அடுத்த ஆண்டு, கப்பற் பயணத்தில், எரிபொருள் தீர்ந்து சுருங்கிய வெண்குறு விண்மீன்களுக்கு ஒரு நிறை வரம்பு உண்டு என்று கண்டார். கதிரவனைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்கு என்று இன்று அறியப்படுவது அவ்வரம்பே. 1935ஆம் ஆண்டில் எடிங்டன் என்னும் பேரறிஞர் அவையில் அதனை எள்ளி நகையாடினார். சந்திரசேகர் தம் கணக்கைக் கைவிடவில்லை, பகையும் பாராட்டவில்லை. 1983ஆம் ஆண்டில் நோபல் பரிசு அவரை அடைந்தது. இதில் அறிவுக்கூர்மை உண்டு, மறுப்பதற்கில்லை. ஆயினும் நாம் பின்பற்றக்கூடியவை மூன்று: தாமே கற்றல், தயங்காது கேட்டல், தளராதிருத்தல்.

பிழைப்பைப் பற்றியும் மறைக்காது கூறுவேன். கோட்பாட்டு இயற்பியல் ஆராய்ச்சிக்கு இடங்கள் குறைவு. பயிற்சிக் காலம் நீண்டது. இளங்கலை முதல் முனைவர் பட்டம் வரை பத்தாண்டுகள் ஆதல் இயல்பு. குடும்பத்தில் உடனே பொருளீட்ட வேண்டிய நிலையில் உள்ளோர் இதனை எண்ணிப் பார்த்தே இறங்கவேண்டும். எனினும் வாயில்கள் முன்னிலும் அகன்றுள்ளன. சென்னைத் தரமணியில் கணித அறிவியல் நிறுவனம் இருக்கின்றது. நமக்கு அண்மையிலேயே, திருவனந்தபுரம் மாவட்டத்து விதுரையில், 2008ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனம் இருக்கின்றது. ஆராய்ச்சி மாணவர்க்கு உதவித்தொகையும் உண்டு. இத்துறையில் பயின்று ஆராய்ச்சிக்குச் செல்லாதோரும் ஆசிரியராகவோ, மருத்துவமனைக் கதிரியக்கத் துறையிலோ, வானிலைக் கணிப்பிலோ, கணினித் துறையிலோ பணிபுரியலாம். கற்ற கணிதம் வீணாவதில்லை.

இறுதியாக ஒன்று. சென்னையில் உள்ள அந்நிறுவனம் 1962ஆம் ஆண்டில் தோன்றுமுன், அதன் முதல் இயக்குநராகிய அல்லாடி இராமகிருஷ்ணன், மயிலாப்பூரில் தம் இல்லத்திலேயே மாணவர்களைக் கூட்டி இயற்பியற் கருத்தரங்குகள் நடத்திவந்தார். 1960ஆம் ஆண்டில் நீல்ஸ் போரே அவ்வில்லத்திற்கு வருகை தந்தார். ஒரு வீட்டுக் கூடத்தில் தொடங்கியது நாடறிந்த நிறுவனமாயிற்று. ஆகவே, உங்கள் ஊரிலும் நால்வர் ஐவராகக் கூடுங்கள். வாரத்திற்கு ஒரு கணக்கை எடுத்து, அது முடியும் வரை விடாது பயிலுங்கள். முதற் கணக்கு எது என்று கேட்பீர்களாயின், ஊஞ்சலையே எடுத்துக்கொள்ளுங்கள். எடை எங்கே போயிற்று என்று உங்களுள் ஒருவன் கேட்டால், அவனை மட்டும் உட்காரச் சொல்லாதீர்கள்.