கொடிக்காலும் அதன் நிழலும்

நிழல் பயிருக்குப் பகை என்பது நெல்லும் கரும்பும் பயிரிடும் அங்கத்தினர் யாவரும் அறிந்ததே. வரப்பின்மேல் ஒரு புளியமரம் நின்றாலும் அதன் அடியில் விளைச்சல் குன்றிவிடுகிறது. வெற்றிலைக் கொடியின் இயல்போ இதற்கு மாறானது. மிளகின் இனத்தைச் சேர்ந்த இக்கொடிக்கு, மரங்களின் அடியில் நிலவும் ஈரமும் குளிர்ச்சியுமே உகந்தவை. வெட்டவெளியில் நட்டால் அதன் இலை மஞ்சளித்துக் கருகும். ஆகவேதான் கொடிக்கால் போடுவோர் முதலில் நிழலைப் பயிர் செய்து, அதன் பின்னரே கொடியை நடுகின்றனர்.

நாம் இவ்வுத்தியோகத்தில் சேர்ந்த புதிதில், கடன் மனு ஒன்றின் பேரில் ஒரு கொடிக்காலைப் பார்வையிடச் சென்று, குறிப்பேட்டில் ‘அகத்தித் தோப்பு’ என்று எழுதிவிட்டோம். உடன் வந்த சங்கத் தலைவர் அதைக் கண்டு நகைத்து, “அகத்தி வெறும் குடைதான் ஐயா, பயிர் அதைப் பற்றிக்கொண்டு ஏறி நிற்கிறது” என்று திருத்தினார். பட்டப் படிப்பு நமக்குக் கற்பிக்காத பாடம் அது.

நிலத்தை 2 மீட்டர் அகலமுள்ள மேட்டுப் பாத்திகளாக அமைத்து, இரு பாத்திகளுக்கு இடையே அரை மீட்டர் அகலமும் அரை மீட்டர் ஆழமும் உள்ள வடிகால் வெட்டவேண்டும். பாத்திகளில் அகத்தி விதையை வரிசையாக ஊன்றி, அது வளர்ந்து நிழல் தரத் தொடங்கியதும், 3 முதல் 5 கணுக்கள் உள்ள விதைக்கொடிகளை நடுவர். தை, மாசியும் ஆனி, ஆடியும் நடவுக்கு ஏற்ற பருவங்கள். நோயற்ற, ஓராண்டு முற்றிய தாய்க்கொடியிலிருந்தே விதைக்கொடி எடுத்தல் வேண்டும். கொடி ஏற ஏற, 15 அல்லது 20 நாட்களுக்கு ஒருமுறை வாழைநாரால் அதை அகத்தியுடன் தளர்வாகக் கட்டிவருவர். அகத்தி 4 மீட்டர் உயரம் எட்டியவுடன் அதன் நுனியை வெட்டிவிடுவர்.

பலர் தவறுவது நிழலின் அளவிலேயாகும். நெசவாளர் அங்கத்தினருக்கு இதை எளிதில் விளக்கலாம். பாவை மிக இழுத்தால் இழை அறும். தளர விட்டால் சிக்கும். நிழலும் அவ்வாறே. கோடையில் அகத்தியின் கிளைகளைக் கழிக்காமல் விட்டு, அடர்ந்த நிழலைக் காக்கவேண்டும். மழைக்காலம் நெருங்கும்போது பக்கக் கிளைகளைக் கழித்து, வெளிச்சமும் காற்றும் உட்புக இடம் தரவேண்டும். கழித்த தழை ஆடுமாடுகளுக்கு நல்ல தீனி. இந்த ஒரு வேலையைத் தள்ளிப்போட்டால், அடைமழையில் கொடிக்காலின் உள்ளே ஈரம் காயாது நின்று, வாடல் நோய்க்கு வழி பிறக்கிறது.

ஐப்பசி முதல் தை வரை இந்நோய் மிகுதி. இலை பளபளப்பு இழந்து தொங்கும்; பின் மஞ்சளித்துக் காயும். கொடியைப் பிடுங்கிப் பார்த்தால் அடித்தண்டும் வேரும் அழுகி நாறும். சில வாரங்களில் கொடி முழுவதும் மடிந்துவிடும். இந்நோயைத் தோற்றுவிக்கும் நுண்கிருமியின் வித்துக்கள் நீரில் நீந்திச் செல்லவல்லவை என்பது முக்கியமாகக் கவனிக்கத்தக்கது. ஒரு பாத்தியின் நீர் அடுத்த பாத்திக்குப் பாய்ந்தால், நோயும் அதனுடன் பாயும்.

சில ஆண்டுகளுக்கு முன் நம் பார்வைக்குட்பட்ட ஒரு கிராமத்தில், மேட்டுப்புறக் கொடிக்கால் ஒன்றில் வாடல் கண்டது. உரியவர் வடிகாலைத் தூர் வாரவில்லை, அகத்தியையும் கழிக்கவில்லை. வாடிய கொடிகளைப் பிடுங்கி, எரிக்காமல் வாய்க்காலிலேயே எறிந்துவிட்டார். அவ்வாய்க்காலின் கீழ்ப்புறத்தில் இருந்தது, அவருடைய கடனுக்கு ஜாமீன் கையெழுத்திட்டவரின் கொடிக்கால். அவ்வாண்டு மார்கழிக்குள் இரண்டும் அழிந்தன. தம் கடனோடு அண்டை வீட்டாரின் கடனையும் அவர் தலைமேல் சுமக்க நேர்ந்தது. வசூலுக்குச் சென்ற நமக்கு அவர் வீட்டுத் திண்ணையில் அமரவே மனம் வரவில்லை.

இப்போது கொடிக்கால் கடன் மனுவைப் பரிசீலிக்கும்போது நாம் சிட்டாவைப் பார்க்குமுன் வடிகாலைப் பார்க்கிறோம். நீர் எங்கிருந்து வருகிறது, எவர் நிலத்திற்குச் செல்கிறது என்றும் விசாரிக்கிறோம். அக்கிராமத்துச் சங்கத்தார் புரட்டாசியில் எல்லோருமாகக் கூடி வடிகாலைத் தூர் வாருகின்றனர். வாடிய கொடிகளைக் கொடிக்காலுக்கு வெளியே கொண்டுபோய் எரிக்கின்றனர். குளிர்காலத்தில் அடிக்கடி நீர் பாய்ச்சுவதைத் தவிர்க்கின்றனர். மயில்துத்தத்தைச் சங்கத்தின் மூலமே மொத்தமாக வாங்குகின்றனர்.

போர்டோ கலவை தயாரிக்கும் முறையையும் பலர் கேட்கின்றனர். 250 கிராம் மயில்துத்தத்தை 50 லிட்டர் நீரிலும், 250 கிராம் நீற்றிய சுண்ணாம்பை வேறு 50 லிட்டர் நீரிலும் தனித்தனியே கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்பு நீரில் கலக்கிக்கொண்டே ஊற்றவேண்டும். இரும்புப் பாத்திரம் ஆகாது. கலவையில் ஒரு தீட்டிய கத்தியை நனைத்துப் பார்த்து, செம்பு நிறம் படிந்தால் இன்னும் சிறிது சுண்ணாம்பு நீர் சேர்க்கவும். ஐப்பசி தொடங்கி மாதம் ஒருமுறை, கொடியின் அடி மண் நனையுமாறு இதை ஊற்றவேண்டும். வெற்றிலை பச்சையாக மெல்லப்படுவது. ஆதலால் பறிக்கும் நிலையிலுள்ள இலைமேல் கலவை படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கலந்த அன்றே ஊற்றித் தீர்த்துவிட வேண்டும். மறுநாளைக்கு அது உதவாது.