பொன்வண்டை முடிவிலியிலிருந்து பார்த்தல்

வேலூரிலிருந்து ஆரணி செல்லும் சாலையில், ஜவ்வாது மலையின் கிழக்கடிவாரத்தில் அமைந்துள்ள கண்ணமங்கலத்தைப் போன்ற ஊர்களின் வேலம்புதர்களுக்கு உரிய பொன்வண்டு, தீப்பெட்டிக்குள் கொடுக்காப்புளி இலையைப் போட்டு அதை வளர்த்த தலைமுறைகளுக்கு நன்கு அறிமுகமான பூச்சியே எனினும், அதன் குழிகள் நிறைந்த பச்சை முன்மார்பையும் சிறகுறைகளையும் தலை முதல் வால் வரை ஒரே ஒளிப்படத்தில் மங்கலின்றிக் காட்டுவது, ஒளியியலில் எளிதில் வசப்படாத வேலைகளுள் ஒன்றாகும். வண்டின் நீளம் சுமார் 4 செ.மீ.; மேலிருந்து பார்க்கும்போது முதுகின் உச்சிக்கும் பக்கவிளிம்புக்கும் இடையிலான ஆழம் ஏறத்தாழ 7 மி.மீ. நுண்விவரம் தெரியுமளவு பெரிதாக்கும் எந்த வில்லையும் ஒரு நேரத்தில் இந்த ஆழத்தின் மெல்லிய ஒரு படலத்தை மட்டுமே தெளிவாகக் காட்டும் என்பதாலும், அதே பெருக்கத்தில் வண்டின் ஒரு பகுதி மட்டுமே சட்டத்துக்குள் அடங்கும் என்பதாலும், ஆழவாக்கில் பல படங்களை எடுத்துத் தெளிந்த பகுதிகளை மட்டும் ஒன்றுசேர்க்கும் ‘அடுக்குதல்’, பக்கவாட்டில் நகர்ந்து எடுத்த படங்களை ஒட்டி இணைக்கும் ‘தைத்தல்’ ஆகிய இரண்டும் ஒருங்கே தேவைப்படுகின்றன.

இரண்டையும் ஒருசேரக் கெடுப்பது, மனிதக் கண்ணுக்குப் பழகிப்போன ஓர் உண்மைதான்: அருகிலுள்ளது பெரிதாகவும் தொலைவிலுள்ளது சிறிதாகவும் தெரிகிறது. ஒளி வில்லைக்குள் புகும் வாயிலாகச் செயல்படும் துளை, பூச்சியிலிருந்து 150 மி.மீ. தொலைவில் இருப்பதாகக் கொண்டால், கேமராவை 7 மி.மீ. முன்னகர்த்துவதற்குள் உருவத்தின் அளவு 4 விழுக்காட்டுக்கும் மேல் மாறிவிடும். 24 மெகாபிக்சல் உணரியில், 1.6 மடங்கு பெருக்கத்தில், சட்டத்தின் ஓரத்திலுள்ள ஒரு மயிர் ஏறத்தாழ 140 படப்புள்ளிகள் இடம்பெயரும். கணினி ஒவ்வொரு படத்தையும் விரித்தும் சுருக்கியும் பொருத்திவிடலாம். ஆனால் பக்கவாட்டில் நகரும்போது முன்னேயிருக்கும் காலும் பின்னேயிருக்கும் வயிறும் வெவ்வேறு அளவில் நகர்வதாகிய இடமாறு தோற்றத்தை எந்த விரிப்பும் சுருக்கமும் சரிசெய்ய இயலாது. காலுக்குப் பொருந்தினால் வயிறு பொருந்தாது, வயிற்றைப் பொருத்தினால் கால் இரண்டாகத் தெரியும்.

இதற்கு விடை, பூச்சியை அருகிலேயே வைத்துக்கொண்டு அதை எல்லையற்ற தொலைவிலிருந்து பார்ப்பது. இது சொற்புரட்டு அன்று. வில்லைக்குப் பின்னால், சரியாக அதன் குவியப்புள்ளியில் ஒரு துளையை வைத்தால், அத்துளையின் பிம்பம் பூச்சியின் பக்கமிருந்து நோக்கும்போது முடிவிலியில் அமைகிறது; அதனால் பூச்சியின் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் கிளம்பும் ஒளிக்கற்றைகளுள் வில்லையின் அச்சுக்கு இணையாக வருபவையே உருவத்தின் அளவைத் தீர்மானிக்கின்றன. அருகாயினும் தொலைவாயினும் அளவு ஒன்றே. உருவம், கட்டட வரைபடத்தைப் போல, தொலைவுத் தோற்றம் நீங்கிய நேர்வீழல் ஆகிவிடுகிறது. நுண்ணோக்கியின் வழியே அளவெடுக்கும்போது குவியம் சற்றே பிசகினாலும் அளவு மாறக்கூடாதென்ற தேவையிலிருந்து, இந்த ஏற்பாட்டை 1878ஆம் ஆண்டு முறைப்படுத்தியவர் எர்ன்ஸ்ட் அபே. தொலைவையும் மையத்தையும் குறிக்கும் சொற்களை இணைத்து இதற்கு ‘டெலிசென்ட்ரிக்’ என்று பெயர். அபே பணியாற்றிய கார்ல் ஸைஸ் நிறுவனத்தின் யேனா நகரத் தொழிற்சாலையில் செய்யப்பட்ட 1 மீட்டர் தொலைநோக்கி ஒன்று, இதே ஜவ்வாது மலையின் காவலூரில் 1972 முதல் வானத்தை நோக்கிவருகிறது.

இன்று டெலிசென்ட்ரிக் வில்லைகள் திருகாணிகளையும் இயந்திர உதிரிகளையும் தொடாமல் அளக்கும் ஆய்வு மேடைகளுக்காகத் தொழிற்சாலைகளுக்கு விற்கப்படுகின்றன. அவற்றின் விலை, பொழுதுபோக்காகப் பூச்சிகளைப் படமெடுப்பவரின் கைக்கு எட்டுவதில்லை. ஆயினும் இந்த ஏற்பாட்டின் சாரம் ஒரு துளையின் இடத்தில்தான் உள்ளதேயன்றிக் கண்ணாடியின் அருமையில் இல்லையாதலால், வீட்டிலேயே ஒன்றை அமைப்பது சாத்தியம். முன்வில்லையாக, நிறப்பிறழ்ச்சி நீக்கப்பட்ட, 125 மி.மீ. குவியத்தூரமுடைய அண்மைவில்லை ஒன்று போதும். ரேனாக்ஸ் நிறுவனத்தின் 8 டையாப்டர் திறனுள்ள வில்லை பலரும் அறிந்தது. பின்னால், முடிவிலிக்குக் குவியப்படுத்தி முழுத்துளையும் திறந்த நிலையில் 200 மி.மீ. டெலி லென்ஸ் ஒன்று. பின்வில்லையின் குவியத்தூரத்தை முன்வில்லையின் குவியத்தூரத்தால் வகுத்தால் கிடைப்பது பெருக்கம்: 200-ஐ 125-ஆல் வகுக்க 1.6 மடங்கு. இரண்டுக்கும் நடுவே, முன்வில்லையிலிருந்து 125 மி.மீ. பின்னால், பழுதான பழைய லென்ஸிலிருந்து கழற்றிய இதழ்த்தடுப்பையோ 10 மி.மீ. துளையிட்ட கறுப்பு அட்டையையோ பொருத்த வேண்டும். உறையாக பி.வி.சி. குழாய் போதுமானது; அதன் உட்புறம் பளபளத்து ஒளியைச் சிதறடிக்காதபடி கறுப்பு வெல்வெட் தாள் ஒட்டப்படுவது அவசியம்.

துளை துல்லியமாகக் குவியப்புள்ளியில் அமையுமா என்ற ஐயம் எழுவது இயல்பு. கணக்கு இங்கே வியக்கத்தக்க அளவு தாராளமானது. துளை 1 மி.மீ. பிசகினால், அதன் பிம்பம் முடிவிலியிலிருந்து இறங்கி வரும் தொலைவு, குவியத்தூரத்தின் வர்க்கத்தை அப்பிசகால் வகுத்த அளவு, அதாவது 15 மீட்டருக்கும் மேல். 150 மி.மீ. தொலைவுக்கு 140 படப்புள்ளிகளாக இருந்த நகர்வு இப்போது ஒன்றிரண்டாகச் சுருங்கிவிடுகிறது. அளவுகோலும் அரமும் கொண்டு செய்த குழாய்க்கு இதைவிடப் பெரிய சலுகை வேண்டியதில்லை. சோதிக்கும் வழியும் எளிது: எஃகு அளவுகோலை முதலில் அருகிலும் பிறகு 7 மி.மீ. தள்ளியும் வைத்துப் படமெடுத்து, கோடுகளுக்கு இடையிலான தூரத்தை ஒப்பிட வேண்டும். தள்ளியிருப்பது சிறுத்தால் துளை முன்வில்லைக்கு மிக அருகில் உள்ளது. பெருத்தால், துளை குவியப்புள்ளியைத் தாண்டிவிட்டது. இரண்டாவது நிலையில் தொலைவிலிருப்பது பெரிதாகத் தெரியும் விசித்திரம், தவறாகவே நேர்ந்தாலும், ஒருமுறை பார்க்கத்தக்கது.

குவியப்புள்ளியைக் கண்டறிய அளவுகோலும் தேவையில்லாத வழி ஒன்றுண்டு. முன்வில்லையை இரவில் ஒரு பிரகாசமான விண்மீனை நோக்கித் திருப்பினால், அதன் ஒளி குவிந்து புள்ளியாகும் இடமே துளை அமைய வேண்டிய இடம். எல்லையற்ற தொலைவிலிருந்து இணைகதிர்களாக வரும் ஒளி எங்கே கூடுகிறதோ, அங்கே நிற்கும் துளைதான் பூச்சியின் இணைகதிர்களையும் தேர்ந்தெடுக்கிறது. காவலூரில் பெங்களூரு இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தார் தாங்களே கண்ணாடியைத் தேய்த்து உருவாக்கி, 1986இல் வானியலாளர் வேணு பாப்புவின் பெயர் சூட்டப்பட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கியின் முதன்மைக் குவியமும், ஆடியிலிருந்து ஏழரை மீட்டருக்குச் சற்று மேலே, இதே இலக்கணப்படி அமைந்ததே.

அடுக்குவதற்கான நகர்வை எவ்வளவு சிறிதாக வைப்பது என்பதை விளிம்பு விளைவு முடிவுசெய்கிறது. துளையின் ஆரத்தைக் குவியத்தூரத்தால் வகுத்தால் எண்ணியல் துளை 0.04 ஆகும், ஒளியின் அலைநீளமான 0.00055 மி.மீட்டரை இதன் வர்க்கத்தால் வகுக்க, தெளிவாக அமையும் படலத்தின் தடிமன் சுமார் 0.34 மி.மீ. எனக் கிடைக்கிறது. சற்றே ஒன்றன்மேல் ஒன்று படியும்படி 0.25 மி.மீ. இடைவெளியில் எடுத்தால் 7 மி.மீ. ஆழத்துக்கு 29 படங்கள் தேவை. இரும்புக்கடையில் கிடைக்கும் 6 மி.மீ. மரையாணித் தண்டின் புரியிடைவெளி 1 மி.மீ.; ஒரு சுற்றுக்கு 200 படி எடுக்கும் ஸ்டெப்பர் மோட்டாரை அதில் இணைத்தால் ஒவ்வொரு நகர்வும் 50 படி. சட்டம் 14.7 மி.மீ. அகலமும் 9.8 மி.மீ. உயரமும் கொண்டதாக இருப்பதால், மூன்றில் ஒரு பங்கு மேற்படிய, நீளவாக்கில் நான்கும் அகலவாக்கில் இரண்டுமாக எட்டுப் பகுதிகள். ஆக மொத்தம் 232 படங்கள். துளையை 20 மி.மீ. ஆக்கினால் விவரம் இரட்டிக்கும், படங்களோ நான்கு மடங்காகும். முன்வில்லையின் குறைகளும் வெளிப்படும். முதல் முயற்சிக்கு 10 மி.மீ. துளையே அறிவுடைமை. மென்பொருளில், ஜெரின் ஸ்டேக்கரோ ஹெலிகான் ஃபோகஸோ எதுவாயினும், அளவைத் தானாகத் திருத்தும் வசதியை அணைத்துவிட வேண்டும். அணைக்காவிட்டால் இல்லாத பிழையைத் திருத்தப்போய் அது புதிய பிழையை உண்டாக்கும்.

பொன்வண்டின் பளபளப்பு தனிச் சிக்கல் ஒன்றைக் கொண்டுவருகிறது. அதன் பச்சை சாயத்தால் வருவதன்று. உறையின் மெல்லிய அடுக்குகளில் எதிரொளிக்கும் ஒளி அலைகளின் குறுக்கீட்டால் வருவது. பார்க்கும் கோணம் சாயச் சாய நிறம் நீலத்தை நோக்கி நகரும். குழிகளுக்குள் இருக்கும் ஒளிப்பொட்டும் இடம்மாறும். சாதாரண வில்லையில், அடுத்தடுத்த இரு பகுதிகளின் விளிம்பில் ஒரே குழி இரு கோணங்களில் பார்க்கப்படுவதால் தையல் பளிச்சென்று தெரிந்துவிடும். டெலிசென்ட்ரிக் ஏற்பாட்டிலோ பார்க்கும் திசை எங்கும் ஒன்றே. ஆனால் விளக்கும் வண்டை விட்டு விலகக்கூடாது: மேடையை நகர்த்துவதாயின், பால்நிறத் தாள் போர்த்திய எல்.இ.டி. விளக்குகளையும் அதே மேடையோடு பிணைத்துவிட வேண்டும். இதைக் கவனியாமல் விடுபவர்கள் தையல் பிசகுக்குப் பழியை வில்லையின்மேல் போடுவதுண்டு.

இந்த ஏற்பாட்டின் எல்லை முன்வில்லையின் அகலம். இணையாக வரும் கற்றைகளைப் பிடிக்க, சட்டத்தின் மூலைவிட்டமான 17.7 மி.மீட்டரோடு துளையின் 10 மி.மீட்டரும் சேர்ந்து, குறைந்தது 28 மி.மீ. விட்டமாவது வேண்டும்; ஆகவே யானையை இப்படிப் படமெடுக்க யானையளவு கண்ணாடி தேவைப்படும். கிடைக்கும் படமும் எல்லாருக்கும் உவப்பானதன்று. முன்காலும் பின்காலும் ஒரே பருமனில் நிற்பதைக் காணும் கண், வழக்கமான ஆழத்தைத் தேடி ஏமாறுகிறது. வகைப்பாட்டியலருக்கோ, முதுகின் உச்சியிலுள்ள குழியையும் ஏழு மில்லிமீட்டர் கீழேயுள்ள விளிம்புக் குழியையும் படத்தின் மூலையில் வரைந்த ஒரே அளவுகோலைக் கொண்டு அளக்க முடிகிறது.