உடுக்கலக் கட்டிகளும் அவற்றின் சிகிச்சையும்

மூளையிலே கட்டி என்ற செய்தி காதில் விழுந்த மாத்திரத்தே, நோயாளியின் சுற்றத்தார் மனத்தில் இருவேறு எண்ணங்கள் எழுவதுண்டு. அது மரணத்தின் மறுபெயர் என்பது ஒன்று. திறமை வாய்ந்த சத்திரசிகிச்சை நிபுணர் ஒருவர் அதனை வெட்டியெடுத்துவிட்டால் நோய் தீர்ந்தது என்பது மற்றொன்று. முன்னையது வேண்டாத அச்சத்தையும் பின்னையது நிறைவேறாத நம்பிக்கையையும் விளைவிக்கும். உடுக்கலக் கட்டிகள் எனத்தக்க அஸ்ற்றோசைற்றோமாக்களைப் பொறுத்தவரை இவ்விரண்டில் எதனையும் பொதுவிதியாகக் கொள்ளுதல் இயலாது. இக்குடும்பத்தைச் சேர்ந்த ஒருவகைக் கட்டியையுடைய சிறுவன் ஒரே சத்திரசிகிச்சையாற் குணமடைந்து நெடுங்காலம் வாழ்தல் கூடும். வேறொரு வகைக் கட்டியையுடைய முதியவர் எல்லாச் சிகிச்சைகளையும் பெற்றும் ஓரிரு ஆண்டுகளைக் கடத்துதல் அரிதாகும். இவ்வேறுபாட்டின் காரணத்தை அறிவதே இந்நோயை அறிவதாகும்.

உடுக்கலம் யாது?

மூளையும் முண்ணாணும் நரம்புக்கலங்களால் மாத்திரம் ஆனவையல்ல. அவற்றைத் தாங்கியும் பேணியும் நிற்கும் வேறு கலங்களும் அங்கே உள. 1856ஆம் ஆண்டில் ஜேர்மன் அறிஞர் றுடோல்ப் விர்ச்சோ இத்தாங்கு பொருளுக்கு நரம்புப் பசை என்னும் பொருள்படப் பெயரிட்டார். அப்பசைக்கலங்களுள் ஒருவகை, நுணுக்குக்காட்டியில் நோக்குமிடத்து, நாற்புறமும் கதிர் பரப்பும் விண்மீன்போலத் தோன்றும். உடு என்பது விண்மீனாதலின் அதனை உடுக்கலம் என்பது பொருத்தமாகும். நரம்புக்கலங்களுக்கு ஊட்டமளித்தலும், அவற்றிடையே மிகுந்துபோகும் இரசாயனப் பொருள்களை அகற்றுதலும், குருதிக்கலன்களைத் தம் பாதங்களாற் சூழ்ந்து நிற்றலும் இதன் தொழில்களாம். இக்கலங்களிலிருந்தோ இவற்றின் முன்னோடிக் கலங்களிலிருந்தோ கட்டுப்பாடின்றிப் பெருகும் கட்டியே அஸ்ற்றோசைற்றோமா எனப்படும்.

தீங்கு விளையும் முறை

மண்டையோடு விரிந்து கொடாத பெட்டகம். அதனுள் சிறியதொரு கட்டி வளரினும் அமுக்கம் உயரும். விடியற்காலையில் மிகும் தலையிடி, வாந்தி, பார்வை மங்கல் ஆகியன அமுக்கத்தின் அறிகுறிகள். வலிப்பு, ஒரு பக்கத்துக் கைகால் தளர்ச்சி, பேச்சுத் தடுமாற்றம், குணமாற்றம் ஆகியன கட்டி அமைந்த இடத்தைப் பொறுத்தவை. தலையிடிகளுள் மிகப் பெரும்பாலானவை கட்டியினால் எழுவனவல்ல. எனினும், முன்னர் வலிப்பில்லாத வளர்ந்தவர் ஒருவருக்கு முதன்முறையாக வலிப்பு ஏற்படின், மூளையைப் படமெடுத்துப் பார்த்தல் இன்றியமையாதது.

முண்ணாண் ஏறக்குறைய 45 சென்ரிமீற்றர் நீளமும் சுண்டுவிரலளவு பருமனுமே உடையது. அதனுள்ளே தோன்றும் கட்டி, மூளைக்கும் உடலுக்கும் இடையே செல்லும் நரம்பு நார்களை நெருக்கும். இரவில் மிகும் முதுகுவலி, கால் தளர்ச்சி, உணர்வுக் குறைவு, சலம் கழிப்பதில் இடர்ப்பாடு ஆகியன படிப்படியாகத் தோன்றும். சிறுவரிடத்து முள்ளந்தண்டு வளைதலே முதல் அறிகுறியாதலும் உண்டு. முண்ணாணுக்குள் எழும் கட்டிகளுள் சிறுவரிடத்து மிகுதியாகக் காணப்படுவது அஸ்ற்றோசைற்றோமாவே.

கத்தி காணாத எல்லை

1884ஆம் ஆண்டு நவம்பர் 25ஆந் திகதி இலண்டன் மாநகரில் றிக்மன் கொட்லி என்னும் சத்திரசிகிச்சையாளர், உயிரோடிருந்த ஒருவரின் மூளையிலிருந்து பசைக்கலக் கட்டி ஒன்றை அகற்றினார். எக்ஸ் கதிர் கண்டுபிடிக்கப்படாத அக்காலத்தில், நோயாளியின் கைகால் அறிகுறிகளை மாத்திரங் கொண்டு கட்டியின் இடத்தைக் கணித்தவர் ஹியூஸ் பெனற் என்னும் வைத்தியர். கணிப்பு பிழைக்கவில்லை. ஆயினும் நோயாளி நான்கு வாரங்களில் தொற்றினால் இறந்தார்.

பின்னர்த் தொற்றுத் தடுக்கப்பட்டது. சத்திரசிகிச்சை நுட்பமும் வளர்ந்தது. அப்பொழுதும் வெற்றி முழுமையடையவில்லை. அமெரிக்க நிபுணர் வோல்ற்றர் டான்டி, கட்டி பரவிய வலப்பாதி மூளை முழுவதையுமே சிலரிடத்து அகற்றிய செய்தியை 1928இல் வெளியிட்டார். அத்துணைப் பெரும்பகுதியை நீக்கிய பின்னரும் நோய் மீண்டது. காரணம் யாதெனின், பரவும் இயல்புடைய உடுக்கலக் கட்டிக்கு வரம்பு இல்லை. வயலின் ஒரு மூலையிற் கோரை செறிந்து தோன்றினும் அதன் கிழங்குகள் மண்ணுக்கடியில் நெடுந்தூரம் ஓடியிருத்தல் போல, படத்திற் காணும் கட்டிக்கு அப்பாலும் தனிக்கலங்கள் நல்ல மூளையினூடே ஊர்ந்து சென்றிருக்கும். அவை கண்ணுக்கும் கத்திக்கும் அகப்படா.

தரமும் விகாரமும்

1926இல் பேர்சிவல் பெய்லியும் ஹாவி குஷிங்கும் இக்கட்டிகளைக் கலத்தின் தோற்றங்கொண்டு வகைப்படுத்தினர். இன்று உலக சுகாதார நிறுவனத்தின் 2021ஆம் ஆண்டு வகைப்பாடு, தோற்றத்துடன் பரம்பரையலகு விகாரங்களையும் கருத்திற் கொள்கின்றது.

முதலாந் தரத்துக்குரிய பைலோசைற்றிக் அஸ்ற்றோசைற்றோமா பெரும்பாலுஞ் சிறுவரின் சிறுமூளையிற் தோன்றும், மெல்ல வளரும், பெரும்பாலும் வரம்புடையது. முழுமையாக அகற்றப்படின் வேறு சிகிச்சை பொதுவாக வேண்டப்படுவதில்லை. இந்நோயுற்ற சிறுவருள் நூற்றுக்குத் தொண்ணூற்றின் மேற்பட்டோர் பத்தாண்டுகளுக்குப் பின்னரும் வாழ்கின்றனர். ஐ. டி. எச். என்னும் நொதியத்தின் பரம்பரையலகில் விகாரமுடைய அஸ்ற்றோசைற்றோமா பெரும்பாலும் இளம் பருவத்தினரைப் பற்றுவது, பரவும் இயல்பினது. இது 2, 3, 4 ஆகிய தரங்களாக வகுக்கப்படும். அவ்விகாரம் இல்லாத நான்காந் தரக் கட்டியே கிளியோபிளாஸ்ற்றோமா எனத் தனிப்பெயர் பெறுவது. முதியோரை மிகுதியாகப் பற்றும் இதுவே இவற்றுட் கொடியது.

சிகிச்சை

காந்தப் பரிவுப் படம் கட்டியின் இடத்தைக் காட்டும். அதன் இனத்தைத் துணிவதற்கு இழையத்தின் சிறு பகுதியை எடுத்து ஆராய்தல் வேண்டும். ஆதலின் சத்திரசிகிச்சை ஒருங்கே நோயை அறியும் வழியுமாம், குறைக்கும் வழியுமாம். பேச்சுக்குரிய பகுதிக்கு அருகே கட்டி இருப்பின், நோயாளியை விழித்திருக்கச் செய்து, பேசவைத்தவாறே அகற்றுவதுண்டு. முண்ணாணில் இடம் மிகக் குறைவு. அங்கே நரம்புகளின் மின்குறிகளைக் கணந்தோறும் கவனித்தவாறு சத்திரசிகிச்சை நடைபெறும். பரவும் கட்டியாயின் சிறு பகுதியை மாத்திரம் எடுத்து நிறுத்திக்கொள்ளுதலே அறிவுடைமையாதலும் உண்டு. எஞ்சியதையும் எடுக்க முனைந்தால் நோயாளியின் நடையே பறிபோகலாம்.

கத்தி எட்டாத கலங்களுக்குக் கதிர்ச் சிகிச்சையும் மருந்தும் உரியன. கிளியோபிளாஸ்ற்றோமாவுக்கு வழமையாக 60 கிரே அளவு கதிர், ஆறு வாரங்களில் 30 பகுதிகளாகச் செலுத்தப்படும். 573 நோயாளிகளைக் கொண்டு நடாத்தப்பெற்று 2005இல் வெளியான ஆய்வில், கதிருடன் தெமோசோலோமைட் என்னும் மருந்தும் பெற்றோரின் இடைநிலை வாழ்நாள் 14.6 மாதங்களாகவும், கதிர் மாத்திரம் பெற்றோரின் வாழ்நாள் 12.1 மாதங்களாகவும் இருந்தன. இந்த இரண்டரை மாத வேறுபாடு சிறிதெனத் தோன்றலாம். ஆயின் ஈராண்டுகளைக் கடந்தோரின் தொகை நூற்றுக்கு 10.4இலிருந்து 26.5 ஆக உயர்ந்தது. ஐ. டி. எச். விகாரமுள்ள இரண்டாந் தரக் கட்டிகளுக்கென, அந்நொதியத்தையே தடுக்கும் வொறாசிடெனிப் என்னும் மாத்திரை 2024இல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது. 331 நோயாளிகளிடம் நிகழ்ந்த ஆய்வில், நோய் முன்னேறாதிருந்த இடைநிலைக் காலத்தை அது 11.1 மாதங்களிலிருந்து 27.7 மாதங்களாக நீட்டியது. கட்டியைச் சூழ்ந்த வீக்கத்தைத் தணிக்கும் டெக்சாமெதசோனும் வலிப்படக்கும் மருந்துகளும் நோயைத் தீர்க்கமாட்டா. ஆயினும் நோயாளி உண்ணவும் உறங்கவும் உரையாடவும் துணைநிற்பன அவையே.

இந்நோய் ஒட்டுவதன்று; எவருடைய குற்றத்தாலும் வருவதன்று. தலையில் முன்னர்ச் செலுத்தப்பட்ட கதிர்ச் சிகிச்சையும் அரிய சில பரம்பரை நோய்களும் காரணமாகலாம். ஏனையோரிடத்து வெளிப்படையான காரணம் எதுவும் காணப்படுவதில்லை. ஆதலின் பழி தேடுவதிற் காலத்தைச் செலவிடுதல் பயனற்றது. கட்டி எத்தரத்தது, எவ்விடத்தது, எவ்விகாரத்தையுடையது என்னும் மூன்று வினாக்களையே சுற்றத்தார் வைத்தியரிடம் வினவுதல் வேண்டும். விடை நற்செய்தியாயின் வீண் அச்சம் ஒழியும். அவ்வாறன்றாயின், எஞ்சிய காலத்தை எங்ஙனம் செலவிடுவது என்பதை நோயாளி தெளிந்த அறிவோடு தாமே தீர்மானிக்கும் உரிமையைப் பெறுவார். அவ்வுரிமையை அன்பின் பெயரால் மறைத்துவைத்தல் அன்பாகாது.