சுகர் பார்த்தாச்சு, யூரின் பார்த்தீங்களா?

யூரினில் புரதம் போகிறதா என்று பார்க்க, நான் லேப் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் ஒரு ஸ்பிரிட் விளக்கும் கண்ணாடிக் குழாயும் போதும். குழாயில் முக்கால் அளவு ஊற்றி, அடியைப் பிடித்துக்கொண்டு மேல்பாதியை மட்டும் தீயில் காட்டுவோம். கொதி வந்ததும் சிலருக்கு மேலே வெள்ளையாகக் கலங்கும். இரண்டு மூன்று சொட்டு அசிட்டிக் அமிலம் விட்டதும் தெளிந்துவிட்டால் அது வெறும் பாஸ்பேட் உப்பு. தெளியாமல் நின்றால் புரதம். ஆம்பூரில் வேலை பார்த்து, ஓய்வுக்குப் பிறகு வேலூர் பாகாயத்தில் குடியிருக்கிறேன். அந்தக் கலங்கலைப் பற்றித்தான் இன்றும் பார்ப்பவர்களிடமெல்லாம் பேசிக்கொண்டிருக்கிறேன்.

தோல் தொழிற்சாலை மேஸ்திரி ஒருவர் மாதம் தவறாமல் சுகர் பார்க்க வருவார். "யூரின் எதுக்கு தம்பி? வெறும் வயித்துல நூத்திமுப்பதுதானே இருக்கு" என்பார். "ஒரு தடவை குடுத்துட்டுப் போங்க பாய்" என்று வற்புறுத்தி வாங்கினேன். குழாயின் மேல்பாதி பால் போல நின்றது. அவர் டயாலிசிஸ் வரைக்கும் போகவில்லை. அதற்கு முன்பே மாரடைப்பில் போய்விட்டார். "அத்தாவுக்குக் கிட்னிதானே கோளாறு, நெஞ்சுக்கு எப்படி வந்தது?" என்று அவர் மகன் கேட்டார்.

எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டிய கேள்வி அது. ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறக்குறைய 10 லட்சம் நுண்ணிய வடிகட்டிகள் உண்டு. ஒவ்வொன்றும் மெல்லிய ரத்தக் குழாய்களின் முடிச்சு. வருடக்கணக்கில் சுகரும் பிரஷரும் ஏறிக் கிடந்தால் அந்தக் குழாய்ச் சுவர் கெட்டு, ரத்தத்தில் இருக்க வேண்டிய ஆல்புமின் என்ற புரதம் கசிகிறது. அதே கேடு இதயத்தின் குழாய்களிலும் மூளையின் குழாய்களிலும் நடந்துகொண்டிருக்கும். அங்கே நடப்பது வெளியே தெரிவதில்லை, யூரினில் தெரிந்துவிடுகிறது. சர்க்கரையால் சிறுநீரகம் கெட்டவர்களில் பெரும்பாலோர் டயாலிசிஸ் கட்டத்துக்கு வருமுன் இதய நோயால் இறக்கிறார்கள்.

அமெரிக்காவில் 15,000 பேரின் விவரங்களை வைத்து 2013இல் ஓர் ஆய்வு வந்தது. சர்க்கரையும் சிறுநீரக நோயும் இல்லாதவர்களில் 10 ஆண்டுகளில் இறந்தவர்கள் 100க்கு சுமார் 8 பேர். சர்க்கரை மட்டும் இருந்தவர்களில் சுமார் 12. இரண்டும் சேர்ந்தவர்களில் 31. சுகர் வந்தாலே ஆயுள் குறையும் என்று பயப்படுகிறோமே, அந்தக் குறைவில் பெரும்பங்கு சிறுநீரகம் கெட்டவர்களிடம்தான் குவிந்திருக்கிறது.

"கிரியேட்டினின் நார்மல்னு சொல்லிட்டாங்க" என்று பலர் நிம்மதியாகப் போகிறார்கள். சிறுநீரகத்தின் வேலைத்திறன் பாதிக்குப் பாதி போன பிறகுகூட அந்த எண் ஏறாமல் இருக்கலாம். யூரினில் நுரையும் காலில் வீக்கமும்கூடத் தாமதமாக வருபவைதான். எங்கள் ஸ்பிரிட் விளக்கும் ஆரம்பக் கசிவைக் காட்டாது, குழாய் கலங்கும்போது நோய் முற்றியிருக்கும். இன்று அதற்கு யூரின் ஆல்புமின்–கிரியேட்டினின் விகிதம் என்ற சோதனை இருக்கிறது. 30க்குக் கீழே இருந்தால் இயல்பு. 30 முதல் 300 வரை ஆரம்பக் கசிவு. காய்ச்சல், நீர்த்தாரைத் தொற்று, மாதவிலக்கு நேரத்தில் எண் கூடிக் காட்டும், அதனால் சில வாரம் கழித்து மறுபடியும் பார்த்துத்தான் முடிவு சொல்வார்கள். சென்னையில் நடந்து 2007இல் வெளியான ஆய்வில், சர்க்கரை உள்ளவர்களில் ஏறக்குறைய 27 சதவீதம் பேருக்கு இந்த ஆரம்பக் கசிவு இருந்தது. முற்றிய கசிவு 2 சதவீதத்துக்குத்தான். நான்கில் ஒருவர் தடுக்கக்கூடிய கட்டத்தில் இருக்கிறார் என்று இதைப் படிக்க வேண்டும்.

தடுக்க மருந்தும் இருக்கிறது. லோசார்டன், டெல்மிசார்டன் போன்ற பிரஷர் மாத்திரைகள் கசிவைக் குறைக்கும். டாபாகிளிஃப்ளோசின் என்ற சுகர் மாத்திரையை 4,304 சிறுநீரக நோயாளிகளிடம் சோதித்துப் பார்த்த ஆய்வு 2020இல் வந்தது; அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் சர்க்கரை உள்ளவர்கள். மாத்திரை சாப்பிட்டவர்களிடம் இறப்பு 31 சதவீதம் குறைந்தது. அதே ஆண்டு இந்தியாவில் அதன் காப்புரிமைகளில் ஒன்று முடிந்து, பிறகு விலையும் இறங்கியது. டாக்டர் எழுதித்தான் வாங்க வேண்டும். எழுதாமல் வாங்கும் மாத்திரைதான் எங்கள் பக்கத்தில் பெரிய கேடு. ஷூ கம்பெனியில் நாள் முழுக்க மிஷினில் குனிந்து தைக்கும் பெண்கள் இடுப்பு வலிக்கு டைக்ளோஃபினாக்கை மெடிக்கலில் கேட்டு வாங்கி விழுங்குகிறார்கள். சுகர் இருப்பவர்களுக்கு அது சிறுநீரகத்தின் மேல் விழும் இரண்டாவது அடி.

இந்தியாவில் வெற்றி பெற்ற முதல் சிறுநீரக மாற்று சிகிச்சை 1971இல் எங்கள் வேலூர் சிஎம்சி மருத்துவமனையில்தான் நடந்தது. அந்தப் பெருமை எனக்கும் உண்டு. ஆனால் நான் அதைவிடப் பெரிதாக நினைப்பது சிறுநீரக மருத்துவர் எம்.கே. மணி சென்னைக்கு அருகே கிராமங்களில் செய்த வேலையை. பள்ளிப்படிப்பு முடித்த உள்ளூர்ப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, வீடு வீடாக யூரினும் பிரஷரும் பார்க்க வைத்தார். 25,000 பேர் வாழும் பகுதி. ஒருவருக்கு ஆண்டுக்கு ஆன செலவு ஒரு டாலருக்கும் குறைவு.

தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் 2021 முதல் சுகர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. கொண்டுவரும் அக்காவிடமோ, அடுத்த முறை பார்க்கும் டாக்டரிடமோ சோதனையின் பெயர் சொல்லிக் கேளுங்கள்: "எனக்கு யூரின் ஆல்புமின் எப்போ பார்த்தீங்க?" பார்த்து ஒரு வருடம் தாண்டியிருந்தால், இந்த வாரமே கொடுத்துவிடுங்கள்.