வோல்டேஜ் கூடினாலும் கரண்ட் போகுமா? ஸ்பெயினை இருட்டாக்கிய 'ரியாக்டிவ் பவர்'

லோ வோல்டேஜ் என்றால் எல்லோருக்கும் தெரியும். ஃபேன் மெதுவா சுத்தும், ஃப்ரிட்ஜுக்கு ஸ்டெபிலைசர் தேடுவாங்க. ஆனா வோல்டேஜ் ஏறிப்போய் இரண்டு நாடுகளே இருட்டாகுமா? 2025 ஏப்ரல் 28-ம் தேதி பகல் 12.33 மணிக்கு ஸ்பெயினிலும் போர்ச்சுகலிலும் அதுதான் நடந்தது. ரயில்கள் நடுவழியில் நின்றன. மின்சாரம் முழுமையாகத் திரும்ப மறுநாள் அதிகாலை ஆனது.

அது என்ன ரியாக்டிவ் பவர்?

ஏசி மின்சாரத்தில் ஒரு பங்குதான் விளக்கை எரிக்கும், தண்ணீரைச் சூடாக்கும். இன்னொரு பங்கு மோட்டார், டிரான்ஸ்ஃபார்மர்களில் காந்தப்புலத்தை உண்டாக்கிவிட்டு லைனுக்கே திரும்பிவிடும். இதுதான் ரியாக்டிவ் பவர். நேரடியாக எந்த வேலையும் செய்யாது. ஆனா இது குறைந்தால் வோல்டேஜ் இறங்கும், மிஞ்சினால் ஏறும். இதை வெகுதூரத்துக்கு அனுப்பவும் முடியாது. அந்தந்த வட்டாரத்திலேயே சரிக்கட்ட வேண்டும்.

வேடிக்கை என்னன்னா, லோடு குறைவாக ஓடும் உயரழுத்த லைனே ரியாக்டிவ் பவரை உற்பத்தி செய்யும்.

அன்று என்ன ஆச்சு?

12.03-க்கும் 12.19-க்கும் கிரிட்டில் அலைவுகள் தெரிந்தன. அதை அடக்க கூடுதல் லைன்களை இணைத்தார்கள், பிரான்ஸுக்குப் போகும் மின்சாரத்தைக் குறைத்தார்கள். அலைவு அடங்கியது. ஆனா லைன்களில் லோடு குறைந்ததால் வோல்டேஜ் ஏறத் தொடங்கியது.

மிஞ்சியதை உறிஞ்ச வேண்டியவை அணு, எரிவாயு, நீர்மின் நிலையங்களின் பெரிய ஜெனரேட்டர்கள். அன்றைக்கு வோல்டேஜைக் கவனிக்கத் திட்டமிட்டிருந்தது 10 நிலையங்கள். ஒன்று முதல் நாளே விலகியது; அதற்கு மாற்று ஏற்பாடு இல்லை. இருந்தவற்றில் சிலவும் தேவையான அளவு உறிஞ்சவில்லை என்றது ஸ்பெயின் அரசின் அறிக்கை. நிலையங்களை நடத்தும் நிறுவனங்கள் இதை மறுத்து, கிரிட்டை நடத்தும் ரெட் எலெக்ட்ரிகாவின் திட்டமிடலைக் குறை சொல்கின்றன.

அப்புறம் சங்கிலித்தொடர்தான். வோல்டேஜ் ஏறியதும் சில மின் நிலையங்கள் தற்காப்புக்காக டிரிப் ஆயின. அவை உறிஞ்சிக்கொண்டிருந்த ரியாக்டிவ் பவரும் லைனிலேயே தங்க, வோல்டேஜ் இன்னும் ஏறியது; அடுத்த நிலையம் விழுந்தது. சில நொடிகளில் கதை முடிந்தது.

சோலார்தான் காரணமா?

முழுசா அப்படிச் சொல்ல முடியாது. இன்றைய இன்வெர்ட்டர்களால் வோல்டேஜைக் கட்டுப்படுத்த முடியும். ஆனா வோல்டேஜ் எப்படிப் போனாலும் சோலாரும் காற்றாலையும் ரியாக்டிவ் பவரை ஒரே விகிதத்தில்தான் வைத்திருக்க வேண்டும் என்பது ஸ்பெயினின் 2014 விதி. வோல்டேஜ் கட்டுப்பாட்டில் அவையும் பங்கெடுக்க 2025 ஜூனில்தான் அங்குள்ள ஒழுங்குமுறை ஆணையம் அனுமதி கொடுத்தது.