பெரிய கத்திக்கு எத்தனை டிகிரி?

காய் நறுக்க ஒன்று, பழத்தோல் சீவ ஒன்று என்று உங்கள் சமையலறையில் எத்தனை கத்திகள் இருந்தாலும், முழுப் பூசணிக்காய் ஒன்று வந்து இறங்கினால் எல்லாம் பின்வாங்கிவிடும். அப்போது தேடுவது அந்தப் பெரிய வெட்டுக்கத்தியைத்தான். கரும்பு, பலாப்பழம், சேனைக்கிழங்கு, ஆட்டெலும்பு என்று முரட்டு வேலையெல்லாம் அதன் தலையில்தான் விழுகிறது. ஆனால் சாணை பிடிக்கிறவர் வந்தால், "இதையும் அதே மாதிரி நல்ல கூராக்கிக் கொடப்பா!" என்று மற்றக் கத்திகளோடு அதையும் சேர்த்து நீட்டிவிடுகிறோம். அங்கேதான் வருகிறது வினை.

புதுக் கூரோடு திரும்பிய கத்தி முதல் நாள் காகிதத்தைக்கூட வழுக்கிக்கொண்டு வெட்டும். இரண்டு முறை எலும்பு வெட்டியதும் வாய் மடங்கிவிடும். அல்லது அங்கங்கே பொக்கை விழும். "இரும்பு மட்டம்" என்று விற்றவரைத் திட்டுவோம். பாவம், பல சமயம் குற்றம் இரும்பில் இல்லை. சாணை பிடித்த கோணத்தில்!

மெலிந்த வாயும் தடித்த வாயும்

கத்தியைக் கல்லின்மேல் எவ்வளவு சாய்த்துத் தேய்க்கிறோமோ, அதுதான் கோணம். படுக்க வைத்தாற்போல் தேய்த்தால் வாய் மெலியும். முதுகைத் தூக்கித் தேய்த்தால் தடிக்கும். மெலிந்த வாய் சுலபமாக இறங்கும்; அடி தாங்காது. தடித்த வாய் அடி தாங்கும், தக்காளியை நசுக்கிவிடும். பூத்தொடுக்கும் நாரால் யானையைக் கட்ட முடியுமா? யானைச் சங்கிலியால்தான் பூத்தொடுக்க முடியுமா?

பொதுவான கணக்கு இதுதான். பழம் சீவும் சிறு கத்திக்குப் பக்கத்துக்கு 15 டிகிரி. தினசரி காய்கறிக் கத்திக்கு 20. பூசணி, பலா, கரும்பு வெட்டும் பெரிய கத்திக்கு 25. எலும்பு வெட்டுவதற்கென்றே வைத்திருப்பதற்கு 30. இவையெல்லாம் ஒரு பக்கத்துக் கணக்கு என்பதை மறக்க வேண்டாம். பக்கத்துக்கு 25 என்றால், இரு பக்கமும் சேர்ந்து 50 டிகிரி.

அளப்பது எப்படி?

"டிகிரிக்கு நான் எங்கே போவேன்?" என்கிறீர்களா? ஒரு காகிதத்தின் மூலை 90 டிகிரி. அதை ஒரு விளிம்பு மற்றதன்மேல் படியும்படி மடித்தால் 45. இன்னொரு முறை மடித்தால் 22½. அந்த மடிப்பைக் கல்லின்மேல் நிறுத்தி, கத்தியை அதைவிடச் சற்றே தூக்கிப் பிடித்தால் 25 வந்துவிடும்!

இன்னொரு வழியும் உண்டு. கத்தியின் அகலம் 6 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கல்லிலிருந்து அதன் முதுகு ஏறக்குறைய 1½ சென்டிமீட்டர் உயர்ந்தால் 15 டிகிரி. 2 என்றால் 20. 2½ என்றால் 25. 3 என்றால் 30. அந்த உயரத்துக்கு ஒரு மரத்துண்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் கண்ணுக்குப் பழகிவிடும்.

சாணைக்கல்லின் அடியில் ஈரத்துணி போடுங்கள்; கல் நகராது. தேய்க்கும் முன் கத்தியின் வாயோரம் மை தடவுங்கள். இரண்டு முறை தேய்த்துவிட்டுப் பாருங்கள். வாயின் நுனியில் மட்டும் மை அழிந்தால் முதுகை அதிகம் தூக்கிவிட்டீர்கள். நுனியில் மை அப்படியே இருந்து மேலே மட்டும் அழிந்தால் தூக்கியது போதவில்லை.

கத்தியே சொல்லும்

இந்த எண்கள் வேதவாக்கு அல்ல. சாணை பிடித்த பிறகு ஒரு வாரம் வேலை வாங்குங்கள். பிறகு வாயை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். நல்ல கூர் வெளிச்சத்தில் மின்னாது. மடங்கிய இடமும் மழுங்கிய இடமும்தான் பளிச்சென்று மின்னும். அப்படி மின்னினால் அடுத்த முறை இரண்டு மூன்று டிகிரி கூட்டுங்கள். வாய் நன்றாகவே இருந்து, வெட்ட மட்டும் சிரமமாக இருந்தால் அதே அளவு குறையுங்கள்.

ஒரே பெரிய கத்திதான் வீட்டில் இருக்கிறதா? பிடியை ஒட்டிய பாதிக்கு 30, நுனிப் பக்கத்துப் பாதிக்கு 20 என்று இரண்டு விதமாகப் பிடிக்கலாம். அடிப்பாதி எலும்புக்கு, நுனிப்பாதி காய்க்கு. தேங்காய் உடைக்க மட்டும் இரண்டுமே வேண்டாம். நம் பாட்டிமார் செய்ததுபோல் முதுகால் தட்டுங்கள்.

சக்கரத்தில் சாணை பிடிப்பவரிடம் கொடுத்தால், அடிக்கடி தண்ணீரில் நனைக்கச் சொல்லுங்கள். வாயோரம் நீலம் பாய்ந்தால், கொல்லர் காய்ச்சித் தோய்த்து ஏற்றிய பதம் அந்த இடத்தில் போய்விட்டது என்று அர்த்தம். அப்புறம் எந்தக் கோணமும் அங்கே நிற்காது.

மழுங்கிய கத்தியைப் பலங்கொண்டு அழுத்தும்போதுதான் அது வழுக்கி விரலைப் பதம் பார்க்கிறது. ஆகவே, அடுத்த முறை தெருவில் சாணைக் குரல் கேட்டால், "நல்ல கூராக" என்று மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். இந்தக் கத்தி எதை வெட்டப்போகிறது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். கத்தியும் நீடிக்கும், விரலும் பிழைக்கும்!