நிலவறைச் சுவரும் நிறத்தேர்வும்

நிறம் என்பது பொருளொன்றின் தனியுடைமை அன்று. பொருளின்மீது விழும் ஒளியும், அவ்வொளியில் ஒரு பகுதியை உட்கவர்ந்து எஞ்சியதைத் திருப்பி அனுப்பும் மேற்பரப்பும், திரும்பி வருவதை ஏற்றுணரும் கண்ணும் ஆகிய மூன்றும் கூடுமிடத்து நிகழ்வதே நிறம். மூன்றனுள் ஒன்று மாறினும் நிறம் மாறும். காலதர், அதாவது சாளரம், உள்ள அறையில் இம்முக்கூட்டின் முதல் உறுப்பைக் கதிரவன் தந்துவிடுகிறான். விடியலில் செம்மையும் நண்பகலில் வெண்மையுமாக அவ்வொளி மாறிக்கொண்டே இருந்தாலும், நெடிய பழக்கத்தால் கண் அதனையே அளவுகோலாகக் கொண்டு பிற நிறங்களை மதிப்பிடுகிறது. காலதரே இல்லாத நிலவறையில் அந்த அளவுகோல் இல்லை. அங்கே ஒளியையும் நாமே ஆக்கவேண்டும். அதனைத் திருப்பி அனுப்பும் பரப்பையும் நாமே தேரவேண்டும். எனவே நிலவறைக்கு நிறம் தேர்வோர் முதலில் ஒளியியலின் வாயிலைத் தட்டவேண்டும். அழகின் வாயில் அதற்கு அடுத்தது.

இக்கேள்வி என்முன் வந்தது பெங்களூரு ரிச்சர்ட்ஸ் டவுனில். 1809-இல் ஆங்கிலேயர் படைமனை அமைத்ததால் 'தண்டு' என்று பெயர் பெற்ற பகுதியின் வடபால் உள்ளது அவ்வூர். 'தண்டு' என்பது படையைக் குறிக்கும் நம் பழஞ்சொல்லும் ஆகும். 1898-இல் இம்மாநகரைக் கொள்ளைநோய் தாக்கியபின், நெருக்கமான தெருக்களை விட்டு விலகிக் காற்றும் ஒளியும் தடையின்றிப் புகும் குடியிருப்புகளை வகுக்கவேண்டும் என்ற எண்ணம் இங்கு வலுப்பெற்றது. ரிச்சர்ட்ஸ் பூங்காவைச் சூழ்ந்த அகன்ற தெருக்களும் பெருமர நிழலும் அவ்வெண்ணத்தை இன்றும் நினைவூட்டுகின்றன. நிலத்தின் விலை ஏற ஏற, பழைய ஓட்டு வீடுகள் இடிந்து அடுக்குமனைகள் எழுந்தன. மேல்நோக்கி உயர்ந்த மனை கீழ்நோக்கியும் இறங்கியது. காற்றுக்கும் ஒளிக்கும் இடம் தேடிய மண்ணிலேயே இரண்டும் புகாத அறைகள் தோன்றலாயின.

'காலதர்' என்ற சொல்லை இங்கு எண்ணிப் பார்க்கவேண்டும். கால் என்பது காற்று. அதர் என்பது வழி. சிலப்பதிகாரக் காலந்தொட்டு வழங்கும் இச்சொல், சுவரில் திறந்த வாயிலை ஒளியால் அன்றிக் காற்றால் பெயரிட்டது. 'விண்டோ' என்னும் ஆங்கிலச் சொல்லும் அதன் மூலமாகிய பழைய நார்சு மொழியில் 'காற்றின் கண்' என்றே பொருள்பட்டது. ஒன்றுக்கொன்று தொடர்பற்ற இரு மொழிகள் ஒரே பொருளை ஒரே வகையாய் நோக்கியது வியப்புக்குரியது. அப்பெயரின் உண்மை நம் நிலவறையில் பின்னர்த் தெளிவாகும்.

என் நண்பர் தம் புதுமனையின் நிலவறையை நூலறையாக்க விரும்பினார். பத்தடிக்குப் பன்னிரண்டடி, உயரம் எட்டரை அடி, ஒரு கதவு, ஒரு படிக்கட்டு. கடையில் தந்த நிற அட்டையை விரித்து, "எதைப் பூசலாம், ஐயா?" என்றார். அவர் விரல் ஓர் ஆழ்ந்த மஞ்சளின்மேல் நின்றது. அறை இருளாய் இருப்பதால் மஞ்சள் அதற்கு வெயிலைத் தரும் என்பது அவர் கருத்து. பலரும் அவ்வாறே கருதுவர். அக்கருத்தில் பாதி உண்மை உண்டு, மறுபாதியே அறையைக் கெடுப்பது.

நிறத்தை அளக்க மூன்று கூறுகள் வேண்டும். சிவப்பா, பச்சையா, நீலமா என்று பிரிப்பது நிறவகை. கருமைக்கும் வெண்மைக்கும் இடையே அது நிற்கும் படியைக் காட்டுவது வெளிர்மை. சாம்பலிலிருந்து அது எத்துணை விலகியது என்பதைக் காட்டுவது செறிவு. அமெரிக்க ஓவியர் மன்செல் 1905-இல் வெளியிட்ட நிறக்குறியீட்டு நூல் இம்மூன்றின்மேல் கட்டப்பட்டது. காலதர் உள்ள அறையில் மக்கள் நிறவகையை முதலில் தேர்ந்து மற்ற இரண்டையும் அதன்பின் விடுவர். நிலவறையில் இவ்வரிசை தலைகீழாகும். அங்கு வெளிர்மையே முதல்வன். சுவர் தன்மேல் விழும் ஒளியில் நூற்றுக்கு எவ்வளவைத் திருப்பித் தருகிறது என்ற அளவை 'ஒளிமீட்பெண்' என்று அழைப்போம். நல்ல வெண்பூச்சின் ஒளிமீட்பெண் 80-க்கும் 90-க்கும் இடைப்பட்டது. கரும்பூச்சினுடையது 5 அளவில் நிற்கும். நிற அட்டைகள் பலவற்றில் இவ்வெண் சிறிய எழுத்தில் அச்சிடப்பட்டிருக்கும். கடைக்குச் செல்வோர் நிறத்தின் பெயரைப் படிப்பதற்கு முன் இதனைப் படிக்கவேண்டும் என்பது என் வேண்டுகோள்.

இவ்வெண் மூடிய அறையில் எவ்வாறு இயங்குகிறது என்பதிலேயே இப்பொருளின் மையம் அடங்கியிருக்கிறது. திறந்தவெளியில் ஒளி சுவரில் ஒருமுறை பட்டு அகன்றுவிடும். காலதரற்ற அறையிலோ ஒரு சுவர் விட்ட ஒளியை மறுசுவர் ஏற்று, அதுவும் விட, மூன்றாம் சுவர் ஏற்கும். இதனைச் 'சுவரிடை ஒளிப்பெருக்கம்' எனலாம். அறையின் ஆறு முகங்களும் ஒரே பூச்சுடையவை என்று கொண்டு, விளக்கு 1000 அலகு ஒளியைத் தருவதாக வைப்போம். சுவர்கள் பாதியைத் திருப்பித் தருமாயின் 1000, 500, 250 என்று தேய்ந்து செல்லும் தொடரின் கூட்டுத்தொகை 2000. ஐந்தில் நான்கு பங்கைத் திருப்பித் தருமாயின் கூட்டுத்தொகை 5000. ஒளிமீட்பெண் 50-இலிருந்து 80-க்கு ஏறியது ஒன்றரை மடங்கைச் சற்றே தாண்டிய ஏற்றம். அறையில் உலவும் ஒளியோ இரண்டரை மடங்காயிற்று. மின்கட்டணத்தில் ஒரு காசும் கூடவில்லை. தரையும் நூலடுக்கும் இருண்டிருப்பதால் உண்மை அறையில் இப்பெருக்கம் குறையும், நெறி மாறாது. நிலவறையில் விளக்கு ஒன்றன்று; சுவர்கள் அனைத்தும் விளக்குகளே.

இதே பெருக்கம் நிறத்துக்கும் உண்டு. நண்பரின் ஆழ்ந்த மஞ்சளை நான் தடுத்தது இதனால்தான். மஞ்சட்சாயல் கொண்ட ஒரு மென்பூச்சு, நெடிய அலைகளாகிய செம்மை, மஞ்சள் பகுதியில் 80 விழுக்காட்டையும், குறுகிய அலைகளாகிய நீலப் பகுதியில் 60 விழுக்காட்டையும் திருப்பித் தருகிறது என்க. கடையில் அட்டையைக் கையிலேந்திப் பார்க்கும்போது ஒளி அதில் ஒருமுறையே பட்டு வருகிறது. மஞ்சளுக்கும் நீலத்துக்கும் உள்ள தகவு 4-க்கு 3. அதே பூச்சு அறை முழுதும் சூழ்ந்தபின் ஒவ்வொரு தெறிப்பிலும் நீலம் மிகுதியாய் உண்ணப்பட, சுவரிலிருந்து கண்ணை அடையும் மொத்த ஒளியில் அத்தகவு 8-க்கு 3 ஆகிறது. தகவு இரட்டித்து நிற்கிறது. கண் தன்னைச் சூழ்ந்த நிறத்துக்குப் பழகித் தளர்வதால் இவ்வேறுபாடு முழுமையாய் உணரப்படாது. ஆயினும் விரித்த நூலின் வெண்தாளும் எதிரே அமர்ந்தவர் முகமும் அச்சாயலை ஏற்றுக்கொள்ளும். அட்டையில் வெயிலாய்த் தோன்றிய மஞ்சள், நிலவறையில் மஞ்சட்காமாலையாய் முடிவது இவ்வாறு.

சரி, வெண்மை எங்கிருந்து வருகிறது? வெண்மை ஒரு சாயம் அன்று. எல்லா அலைநீளங்களையும் வேறுபாடின்றிச் சிதறடிக்கும் செயலே வெண்மை. இச்செயலுக்கு, அருகருகே நிற்கும் இருபொருள்களின் ஒளிவிலகல் எண்கள் தம்முள் மிக வேறுபட்டிருக்கவேண்டும். சுண்ணாம்பு அடித்த சுவரைக் கவனித்தவர் அறிவர்: ஈரமாயிருக்கும்போது அது மங்கலாய்க் கிடக்கும், உலர உலர வெளுக்கும். சுண்ணத்துகளின் விலகல் எண் 1.6 அளவு, நீருக்கு 1.33, காற்றுக்கு 1. துகளிடைவெளியில் நீர் நின்றபோது வேறுபாடு சிறிது. நீர் போய்க் காற்று புகுந்ததும் வேறுபாடு பெரிது. இக்காலப் பூச்சில் துகள்களைச் சூழ்வது 1.5 அளவுள்ள பிணைப்பி. அதில் சுண்ணத்துகள் ஒளியைச் சிதறடிக்காமல் மூழ்கிவிடும். அங்கே 2.7 விலகல் எண்ணுடைய டைட்டானியம் ஈராக்சைடு வேண்டியதாகிறது. 1916-இல் தொழில்முறையில் ஆக்கத் தொடங்கப்பட்ட இந்நிறமி, நஞ்சாகிய ஈயவெள்ளையை உலகெங்கும் மெல்ல விலக்கியது.

அந்நிறமியின் பிறப்பிடங்களுள் ஒன்று நம் குமரிக் கடற்கரை. மணவாளக்குறிச்சியில் அலை ஒதுக்கும் கருமணலில் இல்மனைட்டு என்னும் கனிமம் உண்டு. அது இரும்பும் டைட்டானியமும் உயிரகமும் சேர்ந்த கரிய பொருள். இரும்பைப் பிரித்தால் எஞ்சுவது, மாந்தர் ஆக்கியவற்றுள் மிக வெண்மையான பொருள்களில் ஒன்று. அதே மணலில் மோனசைட்டும் உண்டு. 1909-இல் செருமானிய வேதியியலர் சோம்பெர்க்கு அதனைக் கண்டறிந்து, பின்னர் ஆலை அமைத்தபோது, அதிலிருந்து பெற்ற தோரியம் வளிவிளக்குகளின் ஒளிவலையை ஆக்கப் பயன்பட்டது. ஒரே கைப்பிடி மணல் விளக்குக்கு வலையைத் தந்தது. சுவருக்கு வெண்மையையும் தந்தது. இதனை நண்பரிடம் சொன்னபோது அவர் அட்டையை மூடி வைத்துவிட்டு நெடுநேரம் சுவரையே பார்த்திருந்தார்.

வெள்ளையடிக்கும் சுண்ணாம்பில் ஒரு சிட்டிகை நீலம் கரைப்பது நம் வீடுகளில் வழக்கம். நீலநிறமி சுண்ணாம்பின் மஞ்சட்சாயலை உட்கவர்ந்து பகலொளியில் பளிச்சென்ற வெண்மையைக் காட்டுகிறது. ஆனால் அது மொத்த ஒளியைக் குறைத்தே அத்தோற்றத்தைத் தருகிறது. நிலவறையில் நீலத்தை விட்டுவிடுவதே நன்று.

இனி விளக்கு. சிவனசமுத்திர அருவியிலிருந்து மின்னாற்றல் வந்து பெங்களூருவின் தெருவிளக்குகள் 1905-இல் எரியத் தொடங்கின. இன்றைய ஒளியுமிழ் இருமுனையம், நீல ஒளியை ஆக்கி, அதில் ஒரு பங்கை மஞ்சளொளியாக மாற்றி, இரண்டையும் கலந்து வெண்மையாகக் காட்டுகிறது. நீலவொளி இருமுனையத்துக்காக அகாசாகி, அமானோ, நாகமுரா ஆகிய மூவர் 2014-இல் நோபல் பரிசு பெற்றனர். இவ்வகை விளக்குகள் பலவற்றில் ஆழ்ந்த செம்மை குறைவு. ஆதலால் செங்காவி, மரநிறம், மாந்தர் தோல் ஆகியவை உயிரிழந்து தோன்றும். விளக்கின் நேர்மையை அளப்பது 'நிறங்காட்டெண்'. அதன் உச்சம் 100, நூலறைக்கு 90-க்குக் குறையாதது வேண்டும். நிறவெப்பநிலையைப் பொறுத்தவரை 6500 கெல்வின் அளவுள்ள நீலச்சாயல் விளக்கு, ஒளி குறைந்த அறையில் குளிர்ந்து சோர்ந்து தோன்றும் என்று டச்சு நாட்டு அறிஞர் குரூய்தாஃப் 1941-இல் எழுதினார். பிற்கால ஆய்வுகள் அவர் வரைந்த எல்லைகளை முழுதும் ஒப்பவில்லை; என் கண்ணளவில் 3000-க்கும் 4000-க்கும் இடைப்பட்டதே நிலவறைக்கு இசைந்தது. விளக்கை முதலில் மாட்டி, அதன்கீழ் வைத்தே பூச்சைத் தேரவேண்டும். பகலொளியில் ஒத்திருக்கும் இரு பூச்சுகள் விளக்கொளியில் பிரிந்து நிற்றல் இயல்பு.

முன்னோர் இதனை அறியாதவரல்லர். தஞ்சைப் பெருவுடையார் கோயிலின் கருவறையைச் சூழ்ந்த இருண்ட சுற்றறையில், பிற்கால ஓவியங்களின் அடியில் மறைந்திருந்த சோழர் ஓவியங்களை 1931-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து எசு. கே. கோவிந்தசாமி கண்டறிந்தார். சுண்ணப்பூச்சின்மேல் தீட்டிய அவற்றில் மஞ்சட்காவியும் செங்காவியும் ஓங்கி நிற்கின்றன. எண்ணெய்ச் சுடரில் நீலம் மிகக் குறைவு. அவ்வொளியில் நீலம் கருத்துவிடும், காவிகளோ ஒளிபெற்று எழும். ஒளிக்கேற்ற நிறமும் நிறத்துக்கேற்ற சுண்ணமும் அங்கே ஒன்றையொன்று தாங்குகின்றன. திருவானைக்காவலில் பிறந்து பெங்களூருவில் 1948-இல் தம் ஆய்வு நிறுவனத்தை அமைத்த இயற்பியலறிஞர் சி. வி. இராமன், தம் முதுமையில் நிறவுணர்வையே ஆராய்ந்து, பார்வையின் உடலியல் குறித்து 1968-இல் ஒரு நூல் வெளியிட்டார் என்பதும் இங்கு நினைக்கத்தக்கது.

சுவருக்குப் பின்னால் மண் இருக்கிறது என்பதை நிறம் தேர்வோர் மறந்துவிடுகின்றனர். மண்ணின் ஈரம் நுண்புழைகள் வழியே காரையுள் ஏறி, உப்பைக் கரைத்துக்கொண்டு, உள்முகத்தில் நீராவியாகிப் போகும்போது உப்பை அங்கேயே விட்டுச்செல்லும். அடைபடலமாகிய பூச்சு தடுத்தால், உப்பு அதன் பின்னே படிகமாகி அதனை உரித்துத் தள்ளும். வண்ணம் பூச வந்தவர் தருமபுரிக்காரர். மேற்குச் சுவரை விரல் முட்டியால் தட்டிப் பார்த்தவர், "இங்க உப்புப் பூக்கும் சார், பட்டி வெச்சா நிக்காது" என்றார். ஒரு நெகிழித் தாளின் நான்கு விளிம்பையும் அச்சுவரில் ஒட்டி இரண்டு நாள் விட்டோம். உரித்தபோது அறையை நோக்கிய முகம் உலர்ந்திருந்தது. சுவரை நோக்கிய முகத்தில் முத்து முத்தாய் நீர். அவர் விரல்முட்டி சொன்னதையே தாளும் சொன்னது. வெளிப்புறத்து நீர்த்தடுப்பு சீர்செய்யப்படும் வரை அச்சுவருக்குச் சுண்ணாம்பே தக்கது. அது ஈரத்தை வெளியேறவிடும், தன் காரத்தால் பூஞ்சையையும் தடுக்கும்.

காலதர் என்ற பெயரின் உண்மை இங்குதான் வெளிப்பட்டது. பூச்சிலிருந்து எழும் ஆவியாகும் கரைப்பிகள் மேல்மாடியில் ஒரு நாளில் கலைந்துவிடும். நிலவறையில் பல நாள் தங்கும். ஆவி மிகக் குறைந்த நீர்வழிப் பூச்சையே தேர்ந்து, கதவின் மேல் காற்று வெளியேற்றும் விசிறி ஒன்றையும் பொருத்தினோம். வீட்டுப் பூச்சுகளில் ஈயம் பத்து இலட்சத்தில் 90 பங்குக்கு மேற்படக்கூடாது என்ற இந்திய ஒழுங்குமுறை 2017 நவம்பர் முதல் நடப்பில் உள்ளது. கொள்கலத்தின் மேல் அக்குறிப்பைத் தேடிப் படித்தோம்.

உட்கூரைக்கு நீலம் கலவாத தூயவெள்ளை. மூன்று சுவர்களுக்கு மஞ்சட்சாயல் நூலளவே கொண்ட, ஒளிமீட்பெண் 82 உள்ள வெள்ளை. மேற்குச் சுவருக்குச் சுண்ணாம்பு. அந்த அட்டையைத் தெருவில் வெயிலில் பிடித்துப் பார்த்த நண்பர், "இது வெறும் வெள்ளைதானே?" என்று மனங்குறைந்தார். இரண்டாம் பூச்சு உலர்ந்த மாலையில் கதவைச் சாத்தி விளக்கை ஏற்றினோம். மூன்று சுவர்களும் வெண்ணெய் நிறத்தில் நின்றன. நடுவே சுண்ணாம்புச் சுவர் மட்டும் சற்றே குளிர்ந்து தெரிந்தது. நண்பர் சட்டைப்பையிலிருந்து அட்டையை எடுத்துச் சுவரோடு ஒட்டிவைத்தார். அட்டையும் அதே வெண்ணெய் நிறமாயிருந்தது.